புண்ணைக் கழுவுகிற கை

‘தொண்டு’ என்கிற சொல்லை முதலில் குப்பையில் போட்டுவிட்டுப் பேசுவோம். ஒருத்தன் கழிவை இன்னொருத்தன் வாரினால் அதற்கு இந்த நாட்டில் இரண்டு பெயர். சேரிக்காரன் காலமெல்லாம் வாரினால் தொழில். சாதி இந்து ஒருநாள் வாரினால் தொண்டு. என் அம்மா அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தேழு வருஷம் வார்டு கூட்டியவர். புண்ணின் வாடையை வைத்தே, ‘இந்தக் காலு நிக்காது, எடுத்துருவாங்க’ என்று சொல்லிவிடுவார். எந்த டாக்டரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நீட்டுக்கு இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் ஒரு ராத்திரி, பிராட்வே, எழும்பூர் பக்கம் நடைபாதையில் கிடக்கிற நோயாளிகளுக்குப் புண் கழுவிக் கட்டுகிற நர்சுகளோடு போகிறாள். மாமன்காரன் நான் துணைக்குப் போகிறேன். அக்காவுக்குக் கோபமான கோபம். “ஆயா வாரினது பத்தாதாடி? டாக்டராயிட்டு அப்பறம் தொடு, யாரு வேணாங்கறா?” என்கிறாள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது தோழர்களே. மூன்று தலைமுறை முதுகு வலியிலிருந்து வருகிற கேள்வி அது.

அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு. அதற்கு விண்ணப்பிக்கிறவர்கள் நோயாளிகளோடு இத்தனை மணி நேரம் இருந்தேன் என்று எழுதிக் காட்டுகிறார்கள். வீடற்றோருக்கான இலவச மருத்துவமனைகளில் அப்படிப் போய் நிற்கிற மாணவர்கள் நிறைய. போஸ்டனில் 1985இல் பயிற்சி முடித்து வீடற்றோர் விடுதிக்குப் போன டாக்டர் ஜிம் ஓகானலை, அங்கிருந்த நர்சுகள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வை, முதலில் இவர்கள் பாதங்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவு என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் தரையில் உட்கார்ந்து கழுவினார். பாதத்தில் பிறந்தவன் என்று ஒருவனையும் பாதத்திலும் பிறக்காதவன் என்று நம்மையும் எழுதிவைத்த நாட்டில், எத்தனை டாக்டர் அப்படிக் கீழே உட்காருவார்?

அதற்காக அந்த ஏற்பாட்டை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. சம்பளமில்லாமல் மணிக்கணக்கில் நிற்க வசதி வேண்டும்; அங்கேயும் அது காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் சுலபம். இங்கே தொண்டுக்கு மார்க் என்று அறிவித்துப் பாருங்கள், மறுநாளே கோச்சிங் கடைகள் சர்ட்டிபிகேட் விற்கும். பூணூல் வீட்டுப் பையன் கையுறை மாட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வான். ஏற்கெனவே 720 மார்க்கை வைத்துத்தான் ‘தகுதி’ பேசுகிறார்கள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய, மூட்டை தூக்குகிறவர் மகள் அனிதாவை 2017இல் அந்தத் தகுதிதான் தின்றது. மார்க்குக்காக யாரும் நடைபாதைக்குப் போக வேண்டாம்.

போனால் தெரிந்துகொள்வதற்காகப் போக வேண்டும். சர்க்கரை நோயில் மரத்துப்போன கால், எலி கடித்தாலும் தெரியாது. காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். புண்ணில் புழு வைத்திருந்தால் டர்பன்டைன் விட்டுப் புழுவை வெளியே வரவைத்து எடுக்கிறார்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம்தான். சீட்டில் எழுதுகிற வாக்கியம் தெருவில் என்ன ஆகிறது என்பதை அங்கே பார்க்க முடியாது. ‘புண்ணை நனைக்காதே’ என்கிறார்கள், மழை பெய்கிறது. ‘காலைத் தூக்கி வைத்து ரெஸ்ட் எடு’ என்கிறார்கள், போலீஸ்காரர் விடியுமுன் லத்தியால் தட்டி எழுப்புகிறார். ‘இன்சுலினை ஃபிரிட்ஜில் வை’ என்றதும் ஒரு பெரியவர் சிரித்தார் பாருங்கள், அதற்கு என்னிடம் கவிதை இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். மருத்துவ மாணவர்கள் ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று 2022இல் பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அது கிராமத்துக் குடும்பங்களுக்கானது. குடும்பமும் கதவு எண்ணும் இல்லாதவனை யார் தத்தெடுப்பது? நான் பார்த்தவரை வடசென்னை நடைபாதையில் தலைமுறை தலைமுறையாகக் கிடப்பது பெரும்பாலும் நம்ம சனம்தான்.

அக்காவுக்கு என் பதில் இதுதான்: ஆயா வாரியபோது அவளுக்கு வேறு வழி விடப்படவில்லை. இவள் போவது தானாக. வேண்டாமென்றால் நாளைக்கே நிறுத்தலாம். அந்த உரிமை இருக்கிறவரை இது சாதித்தொழில் இல்லை. அதை மறந்து, ‘உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே’ என்று எவனாவது வாளியை நம் பிள்ளைகள் கையில் மட்டும் திணித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் வாளி முறைவைத்துத்தான் சுற்றும். ஐயர் வீட்டுத் தம்பி ஒருத்தன் வருகிறான், அவனுக்கும் முறை உண்டு.

படிக்கப் போகிறவர்கள் இன்னும் டாக்டர் இல்லை. ஊசி தொடக்கூடாது, மாத்திரை தரக்கூடாது, போட்டோ கூடவே கூடாது. தண்ணீர் ஊற்றலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், சீட்டைப் படித்துச் சொல்லலாம். எல்லாவற்றையும்விட, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம். ‘கூட யாரும்மா வந்திருக்கா?’ என்று கேட்டதும் ஆளில்லாதவர்களின் முகம் விழுகிறதே, அந்த இடத்தில் ‘நான் வந்திருக்கேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஸ்ட்ரெச்சர் வருகிறது.

கடைசியாக, என் கவுண்டர் சமாச்சாரம் ஒன்று. காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. பணம் வங்கிக் கணக்கில்தான் விழும். முகவரி இல்லை என்று நடைபாதைக்காரர்களைத் திருப்பி அனுப்புவதை நான் வேலைபார்த்த கிளை ஒன்றிலேயே பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி விதியில் ‘சிறு கணக்கு’ என்று இருக்கிறது. அடையாளச் சான்று எதுவும் வேண்டாம். ஒரு போட்டோ, அதிகாரி முன்னால் கையெழுத்து அல்லது கைநாட்டு, அவ்வளவுதான். இருப்பு 50,000க்கு மேல் போகக்கூடாது, மாதம் 10,000 வரை எடுக்கலாம். முதல் 12 மாதம் செல்லும். அதற்குள் ஏதாவது ஒரு சான்றுக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு 12 மாதம். நோயாளியோடு நீங்களும் போங்கள். முடியாது என்றால் முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பெரும்பாலும் ஃபாரம் வந்துவிடும்.