கோவையில் கோப்பை வென்ற அணி எங்கே போச்சு? ரசிகர்களுக்கு ஒரு பாடம்

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனின் கடைசி நாள். கோப்பைக்குப் போட்டி போட்ட சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். எதிரே முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது.

அப்புறம் நடந்ததை அன்று கேலரியில் இருந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று முதல்முறையாக ஐ-லீக் சாம்பியன் ஆனது.

பேர்தான் சென்னை, ஊர் கோவை

பெயரில் சென்னை இருந்தாலும் கொண்டாடியது கொங்கு மண்டலம்தான். காரமடை ரசிகருக்குச் சென்னை ஒரு ராத்திரிப் பயணம். நேரு ஸ்டேடியமோ மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பஸ் பயணம். டிவியில் ஐரோப்பிய லீக் பார்த்து வளர்ந்த பசங்களுக்கு, 'நம்ம டீம்' என்று சொல்ல முதல்முறையாக ஒன்று கிடைத்தது. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ், 21 கோல் அடித்த மான்சி, அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம்ம ஊர் வீரர்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்கும் அளவுக்குக் கிளப் மேல் நம்பிக்கை இருந்தது.

பிறகு என்ன ஆச்சு?

கோப்பை வென்றும் மேலே போக வழியில்லை. அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறக்காது. வீரர்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்களுக்குப் போனார்கள். கொரோனாவால் 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்தில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

இனிதான் வயிறு எரியும் விஷயம். ஒரு புள்ளியில் கோட்டைவிட்ட ஈஸ்ட் பெங்கால் 2020-ல் ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டது. அன்று கோவையில் தோற்ற மினர்வா, கை மாறி, பெயர் மாறி, 2022-23 ஐ-லீக்கை வென்று பஞ்சாப் எஃப்சியாக ஐஎஸ்எல்லில் ஆடப்போனது. இருவரையும் முந்திய அணிதான் இன்று இல்லை.

வித்தியாசம் எங்கே?

பணமும் விதிகளும் முக்கியம்தான். ஆனால் அது மட்டுமில்லை. ஈஸ்ட் பெங்கால் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் கிளப். ஸ்பான்சர்கள் வருவார்கள், போவார்கள், கிளப் நிற்கும். சென்னை சிட்டியின் ரசிகர்கள் டிக்கெட் வாங்கினார்கள், கத்தினார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அதனால் அணி நின்றபோது, ஏன் என்று கேட்கும் உரிமையும் அவர்களிடம் இல்லை.

லண்டனில் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்தபோது, ரசிகர்களே 2002-ல் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். கீழ்மட்ட லீக்கில் ஆரம்பித்து 2011-ல் ஃபுட்பால் லீக்கை எட்டினார்கள்.

கோவைக்கு அது முடியாததா? மில்லும் மோட்டார் பம்பும் கட்டி எழுப்பிய ஊருங்க இது. தேவை இன்னொரு பெரிய முதலாளி இல்லை. கோவை என்ற பெயர், உறுப்பினர் சந்தா, மாவட்ட லீக்கில் ஒரு சின்ன ஆரம்பம் போதும். அடுத்த முறை 'நம்ம டீம்' என்று சொன்னால், அதில் 'நம்ம' என்ற சொல் பத்திரத்திலும் இருக்க வேண்டும்.