அப்பாவோட காதுக்கு ஒரு ஹெட்போன்

உங்க வீட்டு டிவில வால்யூம் எத்தனையில இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்து இதைப் படிங்க. எங்க வீட்டுல போன வருஷம் வரைக்கும் 42. ராத்திரி தெருமுனையில பைக்கைத் திருப்பும்போதே உள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிடலாம். எங்களுக்கு இருக்கறது ஒரே ஹால். தங்கச்சி அப்போ பத்தாவது. அம்மா பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் காதுல வச்சுக்கிட்டு கணக்குப் போடுவா. "ஏனுங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னு அம்மா சொன்னா, அப்பா ரெண்டு புள்ளி குறைப்பார். அஞ்சு நிமிஷத்துல மறுபடி 42.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. டிவிப் பொட்டி பழசாயிப் போச்சு." இதுதான் அப்பா எப்பவும் சொல்ற பதில்.

இப்போ பிளேஸ்மெண்ட் சீசன். முதல் சம்பளத்துல வீட்டுக்கு ஏதாவது வாங்கணும்னு எல்லாருக்கும் ஆசை. நான் இசிஇ படிக்கிறதால "அப்பா அம்மாவுக்கு டிவி பார்க்க வயர்லெஸ் ஹெட்போன் எது வாங்கலாம்?"னு இதுவரைக்கும் ஏழெட்டுப் பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. எல்லாருக்கும் வாட்ஸப்ல தனித்தனியா டைப் பண்றதுக்கு இங்கேயே எழுதிடறேன். (எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழையை எடிட்டர் பார்த்துக்குவாங்க.) என் கருத்து ஒண்ணுதான்: ஹெட்போனைப் பத்தி விசாரிக்கிறதுக்கு முன்னாடி, அதைப் போடப்போற காதைப் பத்தி விசாரிங்க. நான் அதைத் தலைகீழாச் செஞ்சு காசை விட்டவன்.

இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் வந்ததும் 1,100 ரூபாய்க்கு ஒரு புளூடூத் நெக்பேண்ட் வாங்கினேன். எங்க டிவில புளூடூத் கிடையாது. அதனால டிவி பின்னாடி சொருகற ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரும் சேர்த்து வாங்கினேன். நான் போனில் போட்டுப் பார்த்தப்போ அருமையா இருந்தது. அப்பா நாலு நாள் போட்டார். அஞ்சாவது நாள் ஆணியில மாட்டிட்டார். கேட்டா, "வாய் ஒண்ணு பேசுது, சத்தம் ஒண்ணு வருது சாமி. ஒண்ணும் புரியல" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கேன், அரை நொடிகூட இல்லாத தாமதத்துக்கு இப்படிப் பேசறாரேன்னு நினைச்சேன்.

அந்த மாசமே ஒருநாள் சாப்பாடு கொடுக்க அப்பா வேலை பார்க்கிற தறிக்குடோனுக்குப் போனேன். பல்லடம் பக்கம், காடாத் துணி ஓட்டற நாடாத் தறிகள். அப்பா 26 வருஷமா தறி ஓட்டறவர். வாசல்ல நின்னு "அப்பா"ன்னு கத்தினேன். என் குரல் எனக்கே கேக்கல. அவர் திரும்பல. ஆனா நாலு தறி தள்ளி நின்ன இன்னொரு அண்ணன் என்னைப் பார்த்துட்டு, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சு அப்பாகிட்ட ஏதோ சொன்னார். அப்பா உடனே என் பக்கம் திரும்பினார். அவர் பதிலுக்கு வாயசைக்க, அந்த அண்ணன் சிரிச்சார். அவங்க ரெண்டு பேரும் அந்த இரைச்சலுக்குள்ள சாவகாசமா பேசிக்கிட்டு இருந்தாங்க.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்ல. இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலைகள்லயும் தறிக்காரங்க இப்படித்தான் உதட்டைப் பெரிசா அசைச்சுப் பேசிக்குவாங்க. அந்தப் பேச்சுக்கு 'மீ-மா'ன்னு ஒரு பேரே இருந்தது.

வண்டியில திரும்பி வரும்போதுதான் புரிஞ்சது. எங்கப்பா டிவியைக் காதால மட்டும் கேக்கறதில்ல, உதட்டைப் பார்த்துப் படிக்கிறார். டப்பிங் சீரியல் வந்தா எழுந்து போயிடுவார். நியூஸ்ல ஆள் முகம் தெரிஞ்சா உக்காந்து கேப்பார், பின்குரல் மட்டும் வந்தா "என்னடா சொல்றான்?" என்பார். இதையெல்லாம் வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். ரசனைன்னு நினைச்சேன்.

இப்போ கொஞ்சம் சப்ஜெக்ட். ஒளிபரப்புக்கான ஐ.டி.யு. பரிந்துரை ஒண்ணு இருக்கு, பி.டி.1359. அதன்படி, சத்தம் படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ மனுஷங்க கண்டுபிடிச்சிடறாங்க. சாதாரண புளூடூத்துல எஸ்.பி.சி. கோடெக் வழியா வர்ற சத்தம் பெரும்பாலும் 150-லிருந்து 250 மில்லிசெகண்ட் பிந்தி வரும். போனில் இது தெரியாம இருக்கக் காரணம், வீடியோ ஆப் இந்தத் தாமதத்தைக் கணக்குப் பண்ணிப் படத்தையும் அதே அளவு நிறுத்தி வச்சுக் காட்டும். செட்டாப் பாக்ஸுல சொருகின டிரான்ஸ்மிட்டர் விஷயத்துல படத்தை நிறுத்தி வைக்க யாரும் இல்ல. உங்களுக்கும் எனக்கும் இது எரிச்சல், அவ்வளவுதான். உதட்டைப் படிக்கிறவருக்கு வார்த்தையே போயிடுது. நான் வாங்கிக் கொடுத்தது அவர்கிட்ட இருந்த ஒரே உதவியையும் கெடுத்திருக்கு.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது தாமதம். டிரான்ஸ்மிட்டரோடயே சேர்ந்து வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஹெட்போன்கள் இதுல நல்லா இருக்கும். புளூடூத்தான் வேணும்னா ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி மாதிரியான கோடெக் இருக்கான்னு பாருங்க. அதுல சுமார் 40 மில்லிசெகண்ட்தான். ஆனா டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் ரெண்டு பக்கமும் அந்தக் கோடெக் இருக்கணும். ஒரு பக்கம் இல்லைன்னா சத்தமில்லாம பழைய எஸ்.பி.சி.க்குத் திரும்பிடும். அட்டைப் பெட்டியில 'லோ லேட்டன்சி'ன்னு எழுதியிருக்கறதை மட்டும் நம்பி வாங்காதீங்க. கேம் மோடுன்னு போட்டிருக்கறதும் அந்தக் கம்பெனி போனோடு சேர்ந்தா மட்டும் வேலை செய்யறதா இருக்கலாம்.

ஆனா இதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, காதைச் சோதிக்கிறது. அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ ரெண்டு நாள் பேசல. நாலஞ்சு பேர் வேலை பார்க்கிற குடோன், அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. பத்துப் பேருக்குக் கீழ இருந்தா பொதுவா அது கட்டாயம் இல்ல. ஆனா அம்மாவுக்குக் கம்பெனியில இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க, சம்பளத்துல 0.75 சதவீதம். அதுல கணவரும் குடும்பக் கணக்குல வருவார். இத்தனை வருஷம் அந்தக் கார்டு எங்க வீட்டு பீரோவுல சும்மா கிடந்தது. உங்க வீட்டுலயும் கிடக்கலாம், எடுத்துப் பாருங்க.

பரிசோதனை அரைமணி நேரம்கூட ஆகல. ஒரு சின்ன ரூம், காதுல ஹெட்போன், சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். ரிப்போர்ட்ல கோடு இடதுபக்கம் ஓரளவு சமமா வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணத்துல விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. இரைச்சலால கெடுற காதுக்கு இது அடையாளக் குறி மாதிரி. சிக்னல்ஸ் பேப்பர்ல நூறு கிராஃப் வரைஞ்சிருக்கேன். கையில வச்சுக்கிட்டு வாய் வராம நின்ன கிராஃப் அது ஒண்ணுதான்.

அந்தப் பள்ளத்துக்கு என்ன அர்த்தம்னா, உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து போயிடும். அ, ஓ எல்லாம் தாழ்ந்த அதிர்வெண், பலமாவும் வரும். ச, ஸ, த, க மாதிரி ஒலிகளோட அடையாளம் மேல் அதிர்வெண்ல மெல்லிசா இருக்கும். அதான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்கிற குழப்பம். வால்யூமை ஏத்தினா கேக்கறது இன்னும் பலமாக் கேக்கும், கேக்காதது அப்பவும் பாதிதான் வரும். இப்போ இதோட கடைகள்ல விக்கிற ஹெட்போன் விளம்பரங்களைச் சேர்த்துப் பாருங்க: 'எக்ஸ்ட்ரா பேஸ்', 'டீப் பேஸ்', 'பூம்'. கீழ் அதிர்வெண் அதிகமானா ஏற்கனவே மெலிஞ்சு போன மெய்யெழுத்தையும் அது மூடிடும். நம்ம வயசுக்குப் பிடிக்கிற பேஸ், அப்பாவுக்குச் சத்துரு. டிவி செட்டிங்ஸ்ல பேச்சைத் தெளிவாக்கற மோடு ஏதாவது இருந்தா ஹெட்போனுக்கு முன்னாடி அதைப் போட்டுப் பாருங்க. செலவில்லாத வைத்தியம்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் வேலையிடத்துக்குச் சொல்ற அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகணும். 94 டெசிபல்னா ஒரு மணி நேரம்தான். நாடாத் தறி ஓடுற குடோன்ல இரைச்சல் சாதாரணமா 90-ஐத் தாண்டும். அப்பாவோட ஷிப்ட் 12 மணி நேரம். இந்தியத் தொழிலாளர் சட்டத்துல இரைச்சலால வர்ற காது கேளாமை அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியல்லயே இருக்கு. நாலு பேர் வேலை பார்க்கிற குடோன்ல யார் யாருக்கு அறிவிக்கிறது?

நுரை இயர்பிளக் வாங்கிக் கொடுத்தேன். "நூல் அந்துச்சுன்னா சத்தத்துலதான் தெரியும், இதை வச்சா எப்படி ஓட்டறது?" என்றார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இப்போ ஒரு காதுல மட்டும் வச்சுக்கறார். அது சரியான தீர்வு இல்லைன்னு எனக்கும் தெரியும். அந்தச் சண்டை இன்னும் முடியல.

ஹெட்போனுக்கு வர்றேன். ஏற்கனவே அடிவாங்கின காதுக்கு மேலே இன்னொரு இரைச்சலை மாட்டறோமேங்கற பயம் எனக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். போன் எச்சரிக்கை கொடுக்கும், டிவி டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் கொடுக்காது. அதனால அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கிற வசதி இருக்கற மாடலாத் தேடினேன். வீட்டுல ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் குறுக்க வராததால, காதுக்குப் பக்கத்துல பேசினா குறைஞ்ச வால்யூமே போதும். ஹெட்போனோட உண்மையான லாபம் இதுதான்.

இப்போ சௌகரியம். இதுல நாம திருப்பூர்க்காரங்க மத்தவங்களைவிடக் கெட்டிக்காரங்களா இருக்கணும், ஏன்னா இது துணி விஷயம். கடையில மெத்துன்னு இருக்கற அந்தக் கறுப்பு லெதர் மெத்தை உண்மையில பாலியூரித்தேன் பூச்சு. காத்து போகாது, வேர்வை உறிஞ்சாது. ஏப்ரல் மாசம் ராத்திரி ஒரு படம் முழுக்கப் போட்டுப் பாருங்க, காது வெந்துடும். கொஞ்ச நாள்ல பூச்சு உரிஞ்சு கன்னத்துல கறுப்புத் தூள் ஒட்டும். துணி மெத்தை வச்ச மாடல் கிடைச்சா அதை எடுங்க. கிடைக்கலைன்னா எங்கம்மா செஞ்சதைச் செய்யலாம். லைக்ரா கலந்த ரிப் துணியில, டீசர்ட் கழுத்துக்கு வைக்கிற அதே துணிதான், ரெண்டு வட்டமா வெட்டி ஓரம் ஓவர்லாக் அடிச்சு மாட்டிட்டாங்க. ரிப் இழுத்தா விரியும், விட்டா பிடிச்சுக்கும், எலாஸ்டிக் தேவையில்ல. ஞாயித்துக்கிழமை துவைச்சுப் போட்டா அடுத்த வாரத்துக்கு ரெடி. ஆயிரக்கணக்குல செலவு பண்ணின பொருள்ல அப்பாவுக்குப் பிடிச்சது இந்த ஓசித் துணிதான்.

எடை இருநூறு கிராமுக்குள்ள இருந்தா நல்லது. பிடி இறுக்கமா இருந்தா கண்ணாடிக் காம்பு காதுக்குப் பின்னாடி அழுத்தும், அதனால கண்ணாடி போடறவங்களைக் கண்ணாடியோடயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நான் ஆன்லைன்ல பார்க்கிறதை விட்டுட்டு அப்பாவைக் கடைக்கே கூட்டிட்டுப் போனேன். ரெண்டாயிரம் ரூபாய் கூட விலை சொன்ன மாடலை ரெண்டு விரலால தடவிப் பார்த்துட்டு, ஜிஎஸ்எம் பார்க்கிற மாதிரி, "இது தாங்காது"ன்னு வச்சிட்டார். எடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல், கிட்டத்தட்ட அஞ்சாயிரம்.

வயரிங்ல ஒரு சின்ன விஷயம். டிவியோட ஹெட்போன் ஓட்டையில டிரான்ஸ்மிட்டரைச் சொருகினா பல டிவில ஸ்பீக்கர் ஊமையாயிடும், வீட்டுல மத்தவங்க பொம்மலாட்டம் பார்க்கணும். செட்டாப் பாக்ஸ் டிவியோட ஹெச்டிஎம்ஐ-ல இருந்தா, பாக்ஸ் பின்னாடி சும்மா இருக்கற சிவப்பு, வெள்ளை ஏவி பின்ல டிரான்ஸ்மிட்டரைக் கொடுங்க. பாக்ஸ் வால்யூமை ஒரே அளவுல வச்சுட்டா, அப்பாவுக்கு ஹெட்போன்ல ஒரு வால்யூம், அம்மாவுக்கு டிவில ஒரு வால்யூம். ரெண்டு பேரும் ஒரே படத்தை ஒண்ணா உக்காந்து பார்க்கலாம். ஹெட்போன் வாங்கினதால அப்பா தனியாளாப் போயிடக் கூடாதுன்னு எனக்கு ஒரு பயம் இருந்தது, அதுக்கு இந்த ரெண்டு பின் உதவி பண்ணுச்சு. இதே காரணத்துக்காக நாய்ஸ் கேன்சலிங்கும் வேண்டாம்னு விட்டேன். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டா கொஞ்சமாவது கேக்கணும்.

"காது கேக்கலைன்னா ஹியரிங் எய்டுதானே போடணும், ஹெட்போன் எதுக்கு?"னு என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். சரிதான். ஹெட்போன் டிவிக்கு மட்டும்தான் உதவும், பஸ்ஸுலயும் பேங்க்லயும் உதவாது. டாக்டரும் ஹியரிங் எய்டு போடச் சொல்லியிருக்கார். அப்பா "பார்க்கலாம்" என்கிறார். ஹியரிங் எய்டு போட்டா ஊருக்கே தெரியும், ஹெட்போன் போட்டா பையன் வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லிக்கலாம். அவர் இப்போ எந்தப் படியில நிக்கிறாரோ அந்தப் படிக்கான பொருளை வாங்கியிருக்கேன், அவ்வளவுதான். அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கியாச்சு.

டிவி வால்யூம் இப்போ 14. தங்கச்சி காதுல துணி இல்லாம படிக்கிறா. ஒரே புதுத் தொல்லை, அப்பா ஹெட்போன் போட்டிருக்கும்போது அவர் குரல் அவருக்கே சரியாக் கேக்கறதில்ல. நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கத்தினார்: "சாமி, அந்தப் பையன் இப்ப என்ன சொன்னான்னு எனக்குப் புரிஞ்சிருச்சு!"