28 நிமிடத்தில் எல்லை தாண்டிய பலூன்: ஜெர்மன் 'எஸ்கேப்' படங்களில் நாம் கவனிக்காத ஆட்கள் யார்?

ராத்திரி ரெண்டு மணி. காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. துண்டு துண்டான துணிகளை வீட்டிலேயே ஒட்டுப்போட்டுத் தைத்த ராட்சத பலூன் ஒன்று மெல்ல எழும்புகிறது. கீழே கூடைகூட கிடையாது. ஓர் இரும்புத் தட்டு, மூலைகளில் கம்பி, சுற்றிலும் கயிறு. அவ்வளவுதான். அதில் நாலு பெரியவர்கள், நாலு பிள்ளைகள். கேஸ் தீர்வதற்குள் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

இது யாரோ உட்கார்ந்து யோசித்த சீன் இல்லை. 1979 செப்டம்பர் 16 அன்று, கிழக்கு ஜெர்மனியின் பொஸ்னெக் ஊரைச் சேர்ந்த ஸ்ட்ரெல்சிக், வெட்செல் என்ற இரண்டு குடும்பங்கள் நிஜமாகவே இப்படிப் பறந்தன. சுமார் 28 நிமிடப் பயணம். இறங்கிய இடம் மேற்கு ஜெர்மனியின் நைலா. இந்தக் கதையைத்தான் இயக்குநர் மிஷாயெல் ஹெர்பிக் 2018-ல் 'பலூன்' என்ற பெயரில் படமாக்கினார்.

படம் செம த்ரில்லர். ஆனால், பார்த்து முடித்த பிறகு ஒரு கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது: அந்தத் தட்டில் ஏறாதவர்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில படங்களைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (ஸ்பாய்லர் உண்டு. படம் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

ஏன் தப்பிக்க வேண்டியிருந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. மேற்கே ஒரு நாடு, கிழக்கே சோவியத் ஆதரவில் இன்னொரு நாடு. 1949-ல் இருந்து 1961 வரை கிழக்கிலிருந்து 25 லட்சத்துக்கும் அதிகமானோர் மேற்கே போய்விட்டார்கள். டாக்டர், இன்ஜினீயர், ஆசிரியர் என்று படித்தவர்களும் இளைஞர்களும் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். இதைத் தடுக்கத்தான் 1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் எல்லையை மூடி, சுவர் எழுப்பினார்கள்.

பெர்லினுக்கு வெளியே இரு நாடுகளுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 1,400 கி.மீ. எல்லை. அங்கேயும் வேலி, காவல் கோபுரம், கண்ணிவெடி. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போவது கிழக்கு ஜெர்மனியில் கிரிமினல் குற்றம். பிடிபட்டால் ஜெயில். சுடவும் செய்வார்கள்.

ஜெயித்தவர்களின் கதை

'பலூன்' சரியாகச் செய்த ஒரு விஷயம் உண்டு. அதில் பயம் எல்லையில் ஆரம்பிப்பதில்லை, எதிர்வீட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. எதிர்வீட்டுக்காரர் ஸ்டாசி எனும் ரகசியப் போலீஸில் வேலை பார்ப்பவர். ஒரே கடையில் மொத்தமாகத் துணி வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள். சுவர் விழுந்த 1989-ல் ஸ்டாசிக்கு முழுநேர ஊழியர்கள் மட்டுமே சுமார் 91,000 பேர். தகவல் கொடுத்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அப்படிப்பட்ட நாட்டில் துணிக்கடைக்குப் போவதே ஒரு சஸ்பென்ஸ் காட்சிதான்.

அந்தக் குடும்பத்தைத் துரத்தும் ஸ்டாசி அதிகாரியாக நடித்திருப்பவர் தாமஸ் கிரெட்ச்மன். 'தி பியானிஸ்ட்' படத்தில், ஒளிந்திருக்கும் ஹீரோவைப் பியானோ வாசிக்கச் சொல்லும் ஜெர்மன் அதிகாரி ஞாபகம் இருக்கிறதா? அவரேதான். நிஜத்தில் அவரும் இளம்வயதில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்!

இதே வரிசையில் இன்னொரு படம், 2001-ல் டிவிக்காக எடுக்கப்பட்ட 'தி டனல்'. 1962 செப்டம்பரில் பெர்லின் சுவருக்கு அடியில் மேற்கிலிருந்து கிழக்கே சுரங்கம் தோண்டி 29 பேரை வெளியே கொண்டுவந்த சம்பவத்தைத் தழுவியது. இந்தச் சுரங்கம் தோண்டும்போதே அமெரிக்காவின் என்பிசி டிவி பணம் கொடுத்து, உள்ளே கேமரா வைத்துப் படமும் பிடித்தது. அந்த டாக்குமெண்டரி அதே வருடம் டிசம்பரில் ஒளிபரப்பானது. தப்பிப்பது என்பது சுவர் எழும்பிய அடுத்த வருடமே டிவி நிகழ்ச்சியாகிவிட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஜெயித்தவர்களின் கதை மட்டுமே த்ரில்லர் ஆகும். தோற்றவர்கள்? பெர்லின் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் உயிரிழந்ததாக வரலாற்று ஆய்வுகள் சொல்கின்றன. அதில் ஒருவர் கிறிஸ் கெஃப்ராய். வயது 20. சுட்டுக் கொல்லப்பட்டது 1989 பிப்ரவரியில். இன்னும் ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, அந்தச் சுவரே திறந்துவிட்டது.

பலூனில் பறந்தவர்களின் கதைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. அவர்கள் போன பிறகு கிழக்கில் இருந்த ஸ்ட்ரெல்சிக்கின் உறவினர்கள் கைது செய்யப்பட்டார்கள். 28 நிமிடப் பயணத்துக்கான விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தது, அதில் ஏறாதவர்கள்.

த்ரில்லர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், 'தைரியம் இருந்தவன் தப்பிச்சான், இல்லாதவன் மாட்டிக்கிட்டான்' என்று நம்மை அறியாமலே நம்ப ஆரம்பித்துவிடுவோம். அது உண்மையே இல்லை.

போகாமல் நின்றவள்

அதனால்தான் 2012-ல் வந்த 'பார்பரா' எனக்கு முக்கியமான படம். இயக்குநர் கிறிஸ்டியன் பெட்ஸோல்டின் பெற்றோரே கிழக்கிலிருந்து மேற்கே போனவர்கள். இந்தப் படத்துக்காக பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது பெற்றார்.

கதை 1980-ல் நடக்கிறது. மேற்கே போக விண்ணப்பித்த ஒரே காரணத்துக்காக, டாக்டர் பார்பராவைத் தலைநகரிலிருந்து பால்டிக் கடலோரச் சிற்றூருக்குத் தூக்கியடிக்கிறார்கள். வீட்டிலும் உடம்பிலும் சோதனை போடுகிறார்கள். காதலன் மேற்கில். கடல் வழியாக டென்மார்க்குக்குத் தப்பிக்கத் திட்டம் ரெடி. ஆனால், கடைசியில் தன்னுடைய இடத்தை, சீர்திருத்த முகாமிலிருந்து ஓடிவந்த ஒரு கர்ப்பிணிச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருகிறாள்.

அவள் அந்த அரசோடு சமாதானம் ஆகிவிடவில்லை, பயந்தும் நிற்கவில்லை. அங்கே ஒரு நோயாளி இருக்கிறான், அவ்வளவுதான். ஒருவர் போகாமல் இருப்பதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்பதை இந்தப் படம் சத்தமில்லாமல் காட்டிவிடுகிறது.

தாண்டியாச்சு... அப்புறம்?

2013-ல் வந்த 'வெஸ்ட்' படமோ, மற்ற படங்கள் முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. நெல்லி தன் மகனோடு எல்லையைத் தாண்டிவிடுகிறாள். நேரே போய்ச் சேர்வது மேற்கு பெர்லினின் மரியன்ஃபெல்டே அகதி முகாம். நிஜத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்துபோன முகாம் அது. அங்கே ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்கி ஸ்டாம்ப் வாங்க வேண்டும். அமெரிக்க உளவுத் துறை மறுபடி மறுபடி விசாரிக்கிறது. எதற்காக ஓடி வந்தாளோ, அதே கேள்விகள் இங்கேயும். கொஞ்ச நாளில் பக்கத்து அறைக்காரரையே அவள் சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். எல்லையைத் தாண்டிவிட்டாலும் எதிர்வீட்டுப் பயம் கூடவே வந்துவிடுகிறது.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

த்ரில்லர்களைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை. வார இறுதியில் முதலில் 'பலூன்' பாருங்கள். அந்த வேகம் வேண்டும், அந்தச் சந்தோஷமும் வேண்டும். அடுத்து 'பார்பரா'. கடைசியாக 'வெஸ்ட்'. இந்த வரிசையில் பார்த்தால், 28 வருடம் நின்ற அந்தச் சுவர் தப்பியவர்கள், தங்கியவர்கள், போய்ச் சேர்ந்தவர்கள் என்று மூன்று பேரையும் என்ன செய்தது என்பது புரியும்.

அதன்பிறகு நேரம் கிடைத்தால் 'பலூன்' படத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இந்த முறை உங்கள் கண் வானத்துக்குப் போகாது. கீழே, பொஸ்னெக் தெருவில் விளக்கு எரிகிற மற்ற வீடுகளைத் தேடும்.