‘தரிசு’ என்று எழுதுவது யார்?

சூரிய மின்சக்தி ஆய்வுக் குழுக்களின் அறிமுகக் குறிப்பைக் கடைசி வரி வரை படிப்பது என் வழக்கம். மின்பொறியாளர், வேதியியலாளர், பொருளாதார வல்லுநர் என்று பட்டங்கள் தெரியும், சமூகம் தெரியாது. இந்தக் கணக்கு ஏன் வேண்டும்?

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. இத்தகைய திட்டங்களுக்குக் கோப்பில் ‘தரிசு’ என்று எழுதப்படும் நிலம், பல ஊர்களில் நிலமற்றவர்களின் மேய்ச்சல் காடு. ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை குழுவில் இருந்தால் அந்தச் சொல்லைக் கேள்வி கேட்பார்.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீட்டை உறுதிசெய்த 2019ஆம் ஆண்டுச் சட்டமே, 4ஆம் பிரிவில் அட்டவணையிலுள்ள ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு எதற்கு விலக்கு? அதை நீக்குங்கள். ஒவ்வொரு குழுவின் சமூகக் கணக்கையும் வெளியிடுங்கள்.