வீட்டின் சாவி யார் கையில்?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நாம் வாழும் இல்லம் என்பது ஒன்று. விடுதலை என்பது மற்றொன்று. காட்டிலும் கடையிலும் ஆலையிலும் பிறர் சொற்படி நடந்து களைத்தவர் தம் விருப்பப்படி இருக்கும் இடம் வீடு. ஆகவே இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமே எனலாம்.

அந்த வீட்டிற்குள் இன்று ஒரு சிறு பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. விளக்கை ஏற்றவும், மின்விசிறியைச் சுழற்றவும், வாசற்கதவைப் பூட்டவும், தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தவும் அது கட்டளையிடுகிறது. இத்தகைய வீட்டை 'ஸ்மார்ட் ஹோம்' என்றும், அந்தப் பெட்டியை 'ஹப்' என்றும் அழைக்கின்றனர். நாம் முன்னதைத் திறன் வீடு என்றும், பின்னதை மையக்கருவி என்றும் சொல்வோம்.

கடைக்குச் சென்றால் பல வகை மையக்கருவிகளைக் காட்டுகிறார்கள். எது மலிவு, எது அழகு, எது நம் குரலுக்குப் பதில் சொல்லும் என்றெல்லாம் விளக்குகிறார்கள். கேட்க வேண்டிய முதற்கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கட்டளை பிறக்கும் இடம் எது? நம் வீடா, கடல் கடந்த ஏதோ ஒரு கட்டடமா? இந்த ஒரு கேள்வியைப் பற்றியே என் கருத்தை இங்கு எழுத விழைகிறேன்.

ஆடம்பரமா, தேவையா?

'சோற்றுக்கே வழி தேடுவோர் நிறைந்த நாட்டில், விளக்கைப் பேசி ஏற்றுவது ஒன்றுதான் குறைச்சலா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைக்கெட்டும் சுவிட்சைத் தட்டச் சோம்பிப் பணத்தைக் கொட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் நம் கொங்கு நாட்டில் இதற்கு வேறொரு முகமும் உண்டு.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவையில் ஆலைகளைப் பெருக்கியது. நாளடைவில் கவலை இறைத்த மாடுகளுக்கும் ஓய்வு கிடைத்தது. கிணறுதோறும் பம்புசெட்டு வந்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டார்ட்டருக்கு அருகிலே சிம் அட்டை பொருத்திய மற்றொரு பெட்டியையும் பல இடங்களில் காணலாம். உழவர் ஊருக்குள் இருந்தபடியே கைபேசியில் அழைக்கிறார். தோப்பில் மோட்டார் ஓடுகிறது. மும்முனை மின்சாரம் இரவில் கிடைக்கும் ஊர்களில், பாம்பு ஊரும் வரப்பிலே விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தொல்லை ஒழிந்தது. இதை யார் ஆடம்பரம் என்பார்? திறன் வீடு நம்மூருக்கு வருமுன்னரே திறன் கிணறு வந்துவிட்டது!

மற்றொரு காரணம் நெஞ்சை வருத்துவது. தோட்டத்துச் சாளைகளில் இன்று முதியவர்களே தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டனர். 2025இல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனித்து வாழ்ந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டனர். இச்செய்திகளைப் படித்த பிள்ளைகள், கேமராவையும் அபாய மணியையும் தானே எரியும் வாசல் விளக்கையும் நாடுவது இயல்பே. அக்கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்குவது மையக்கருவி. அது தவறினால் அத்தனையும் தவறும். எனவே அதைத் தேர்ந்தெடுப்பது பொழுதுபோக்கான வேலை அன்று. உயிரோடு தொடர்புடைய பொறுப்பு.

தரகர் யாருடைய ஆள்?

திறன் வீட்டின் கருவிகள் பல மொழி பேசுபவை. சில வைஃபை வழியாகப் பேசும். சில புளூடூத் வழியாகப் பேசும். வேறு சில சிக்பீ, இசட்-வேவ் என்னும் முறைகளில் பேசும். பின்னிரண்டும் மிகக் குறைந்த மின்னாற்றலில் இயங்குபவை. கதவில் ஒட்டும் சிறு உணர்கருவி ஒரு பொத்தான் பேட்டரியிலேயே ஓராண்டுக்கும் மேல் உழைக்கும். மின் இணைப்பில் உள்ள சிக்பீ விளக்குகள், தாம் கேட்ட செய்தியை அடுத்த விளக்குக்குச் சொல்லும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவதைப் போன்றது இது. தடித்த சுவர் கொண்ட பழைய வீடுகளுக்கு இம்முறை ஏற்றது.

இத்தனை மொழிகளையும் அறிந்து, ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்கு எடுத்துரைப்பதே மையக்கருவியின் பணி. நம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விற்பவர் மனத்தில் உள்ளதும் வாங்குபவர் மனத்தில் உள்ளதும் தரகருக்குத் தெரியும். மையக்கருவி அத்தகைய தரகர். நாம் எப்போது உறங்குகிறோம், எப்போது கதவைத் திறக்கிறோம், வீடு எந்நேரம் ஆளில்லாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தரகர் யாருடைய ஆள் என்று விசாரிக்காமல் மாடு பிடிப்பார் உண்டா?

அணை எங்கே, கைப்பிடி எங்கே?

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது. எனினும் இரு மாநிலங்களும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, அதனை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடே. அணை பிற மண்ணில்; கைப்பிடி நம் கையில். கடைகளில் விற்கும் பல மையக்கருவிகளின் நிலையோ இதற்கு நேர்மாறானது. கருவி நம் வீட்டில். கைப்பிடி பிற மண்ணில்! கைபேசிக்கும் விளக்குக்கும் இடையே உள்ள தொலைவு பத்தடிதான். கட்டளையோ வேற்று நாட்டுக் கணினிக்குச் சென்று திரும்புகிறது.

இதனால் விளைந்ததை உலகம் கண்டிருக்கிறது. ரிவால்வ் என்றொரு மையக்கருவி அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்றது. 2014இல் அந்நிறுவனத்தை கூகுளைச் சார்ந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15 அன்று அதன் கணினிச் சேவை நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் எதற்கும் உதவாமற் போயின. 2020 மே மாதத்தில் விங்க் நிறுவனம், இனி மாதந்தோறும் 4.99 டாலர் கட்டினால்தான் சேவை உண்டு என்று ஒரு வாரம் மட்டுமே தவணை கொடுத்து அறிவித்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பே இன்றி ஓய்ந்தன. 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கணினி மையத்தில் ஏற்பட்ட கோளாற்றால், அலெக்ஸா ஒலிபெருக்கிகளும் ரிங் வாசல்மணிகளும் பல நாடுகளில் தடுமாறின.

நம் பக்கத்தில் நான் கண்டது ஒன்றையும் சொல்கிறேன். என் மாமா வீட்டில் பொருத்திய ஒரு கருவி (பெயர் வேண்டா), சாலைப் பணியில் இணையக் கம்பி அறுந்ததும் இரண்டு நாள் ஊமையாகிவிட்டது. மாட்டியவர் சுவர்ச் சுவிட்சையும் கழற்றிவிட்டிருந்ததால் வாசல் விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டே இருந்தது. அமுச்சி சொன்னார்: "ஏங்கண்ணு, சுவிச்சத் தட்டுனா எரியோணும், மறுக்காத் தட்டுனா அணையோணும். அது தெரியாத வெளக்கு நமக்கு என்னத்துக்கு?" திறன் வீட்டுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

மறுப்பும் விடையும்

'பெரிய நிறுவனத்தின் கருவி எளிது. பெட்டியைப் பிரித்த பத்து நிமிடத்தில் வேலை செய்யும். வீட்டுக்குள்ளேயே இயங்கும் மையத்தை யார் பராமரிப்பது?' என்று கேட்பார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. கைப்பிடி நம் கையில் இருந்தால் எண்ணெயிடும் கடமையும் நம்முடையதே. 2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்து, பாசன நீர் வீணே ஓடியதை நாம் மறக்கவில்லை. உரிமை உள்ள இடத்தில் உழைப்பும் வேண்டும்.

ஆனால் அந்த உழைப்பு இன்று முன்போல் கடினமன்று. 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெறலாம். ராஸ்பெர்ரி பை போன்ற, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினியிலே அது இயங்கும். 2022 அக்டோபரில் மேட்டர் என்னும் பொதுநெறி வெளியாயிற்று. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகிய போட்டியாளர்களே கூடி ஏற்ற நெறி அது. அதன்படி அமைந்த கருவிகள் வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேச வல்லவை. ஆகவே வெளியிலிருந்து வரும் இணையத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூரில் உள்ள மகள் வாசலைப் பார்க்க அது வேண்டும். அது விருந்தினராக வரட்டும்; வீட்டுத் தலைவராக வேண்டாம் என்பதே என் கட்சி.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மையக்கருவி வாங்க நினைப்போர் கடைக்காரரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்.

முதலாவது: இணையம் இல்லாமல் இயங்குமா? சொல்லிக் கேட்டால் போதாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு விளக்கை ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: மின்சாரம் போனால் என்னாகும்? தீய எண்ணத்தோடு வருபவன் முதலில் கம்பியைத்தான் அறுப்பான். மையக்கருவியும் அபாய மணியும் பேட்டரியில் இயங்க வேண்டும். மையக்கருவிக்குச் சில வாட் மின்சாரமே தேவை, சிறியதொரு யு.பி.எஸ். பல மணி நேரம் தாங்கும்.

மூன்றாவது: கைச்சுவிட்சு இருக்கிறதா? நம் தோப்புகளின் கைபேசி ஸ்டார்ட்டரைப் பாருங்கள். சிம் பெட்டி பழுதானாலும் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பழையபடி வேலை செய்யும். நம் உழவர்கள் அறிந்த இந்த உண்மையை நகரத்து வீடுகள் மறந்துவிடக் கூடாது.

நான்காவது: நம் நாட்டிற்கும் வலைப்பின்னலுக்கும் ஏற்றதா? அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் இசட்-வேவ் கருவி 908.4 மெகாஹெர்ட்சில் பேசும். இந்தியாவில் அது கைபேசிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசை. இங்கு இசட்-வேவுக்கு உரியது 865.2 மெகாஹெர்ட்ஸ். மேலும் அங்கு 120 வோல்ட். இங்கு 230 வோல்ட். அதுபோலவே சிம் பொருத்தும் கருவியானால் எந்தத் தலைமுறைக்குரியது என்று பார்க்க வேண்டும். 2016இல் வந்த ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 2ஜி மட்டுமே அறிந்த ஸ்டார்ட்டரில் அந்தச் சிம் பயன்படாது.

ஐந்தாவது: கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? இக்கேள்வியைக் கடைக்காரரிடம் அன்று, நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதுவே கடினமான கேள்வி.

வீட்டிற்குள் விடுதலை

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பிடுங்கிய சாவியை வீட்டில் ஒருவரே இடுப்பில் செருகிக்கொண்டால் என்ன பயன்? மகன் பெங்களூரில் இருந்துகொண்டு விளக்கை ஏற்றுகிறான். தாய்க்கோ தன் வீட்டு விளக்கை அணைக்கத் தெரியவில்லை. அலெக்ஸா 2019இல் இந்தி பேசத் தொடங்கியது. தமிழ் அப்போது அதனோடு வரவில்லை. ஆங்கிலம் அறியாத தாய் தன் வீட்டுப் பெட்டியோடு பேசப் பேரனைக் கூப்பிட வேண்டுமா?

கேமராவைப் பற்றியும் ஒரு சொல். அது வாசலைப் பார்க்கட்டும், களத்தைப் பார்க்கட்டும், மோட்டார் அறையைப் பார்க்கட்டும். ஆசாரத்தையும் அடுக்களையையும் பார்க்க வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அரசாங்கமே மதிக்க வேண்டிய அவ்வுரிமையை, மருமகள் யாரோடு பேசுகிறாள் என்று கைபேசியில் வேவு பார்க்கும் குடும்பம் மதிக்க வேண்டாமா? காவலுக்கு வைத்த கருவி வீட்டிலுள்ள பெண்களுக்குச் சிறைக்காவலனாக மாறினால், அதைக் கழற்றி எறிவதே நன்று.

நண்பர்களே, இதில் நம் பங்கு சிறிதன்று. வீட்டில் உள்ளவர்கள் நம்மை நம்பியே இக்கருவிகளை வாங்குகிறார்கள். 'படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். எனவே விளம்பரத்தைப் படிப்பதோடு நில்லாமல், கருவியின் உள்ளமைப்பையும் நாம் கற்க வேண்டும். இயற்பியல் துறையும் கணினித் துறையும் இணைந்து ஒரு செயல்முறை வகுப்பு நடத்த ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, தோட்டத்துச் சாளைகளில் வாழும் முதியவர்களின் அபாய மணி மின்சாரம் இன்றியும் ஒலிக்கிறதா, அதை இயக்க அவர்களுக்குத் தெரியுமா என்று சோதித்துக் கொடுக்கலாம். கடவுச்சொல்லை ஒரு தாளில் தமிழில் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். செலவு ஏதும் இல்லாத தொண்டு இது.

எந்தக் கருவியையும் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வீட்டிலேயே மூத்தவரை அதன் முன் நிறுத்தி, இணையத்தையும் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, 'இப்போது விளக்கைப் போடுங்கள், மணியை அடியுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவரால் முடிந்தால் சாவி வீட்டில் இருக்கிறது. முடியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், அந்த வீட்டில் நாம் குடியிருப்பவர்களே, உரிமையாளர்கள் அல்லர்.