13 கிலோபைட்டில் ஓர் ஆட்டம்

செல்போனில் ஆடும் பிள்ளையைத் திட்டாத வீடு இல்லை. ஆனால் ஆடுவது வேறு. ஆட்டத்தைச் செய்வது வேறு. செய்வதற்கென்றே போட்டிகள் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளும் அதில் இறங்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

"ஜே.எஸ்.13கே" என்று ஒரு போட்டி. 2012-ல் தொடங்கியது. ஆகஸ்டு 13-ந் தேதி தலைப்பு சொல்வார்கள். செப்டம்பர் 13-க்குள் ஆட்டத்தை அனுப்பிவிட வேண்டும். படம், ஓசை, கட்டளைகள் எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டினால் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அதாவது 13,312 பைட். செல்போனில் எடுக்கும் ஒரே போட்டோ இதைப்போல நூறு மடங்கு இருக்கும்!

இது என்ன கஞ்சத்தனம் என்கிறீர்களா? ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவரைக் கேளுங்கள். தழும்பு உள்ள இடத்தை விட்டு, இடுக்கு விழாமல் டையை வைப்பார். அதே வேலைதான் இதுவும்.

விதிகளை முதலில் படியுங்கள். பழைய ஆட்டத்தைத் தூசி தட்டி அனுப்பக் கூடாது. ஆட்டம் ஓடும்போது வெளியிலிருந்து படமோ எழுத்துருவோ இழுக்கக் கூடாது. எழுதிய கட்டளைகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். திருடினால் தெரிந்துவிடும்!

பிறர் ஆட்டத்தைக் காப்பி அடித்தால் வம்பு. கொல்கத்தா சகோதரர்கள் இருவர் "ஸ்கிராபிள்" போலவே "ஸ்கிராபுலஸ்" செய்தார்கள். 2008-ல் அமெரிக்கக் கம்பெனி வழக்குப் போட்டது. அந்த நாட்டில் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு எந்தக் கம்பெனியும் உரிமை கொண்டாட முடியாது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஒரு பிள்ளை தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு. தலைப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். புலிக்குப் பதில் வேறு ஏதாவது வரட்டுமே!

முதல் வாரத்திலேயே ஆடக்கூடியதாகச் செய்துவிடுங்கள். அழகு பிறகு. அம்மாவை ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்கக் கூடாது. அவர் எங்கே திணறுகிறாரோ, அங்கே குறை ஆட்டத்தில்தான், அம்மாவிடம் இல்லை.

இதற்குப் பணம் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் பிரௌசரும் போதும். ஆனால் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பல குடும்பங்களில் அந்தக் கம்ப்யூட்டர்தான் இல்லை. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தது சில வீடுகளில் இருக்கலாம்.

இல்லாத பிள்ளை எங்கே போவது? அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த ஒரு மாதத்துக்காவது மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் என்ன? ஓர் ஆசிரியர் உடனிருந்தால் போதும். தலைமை ஆசிரியர்கள் இதை ஜூலையிலேயே முடிவு செய்ய வேண்டும்.