புதுமுக மாணவரும் பொதுப்பணியும்

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் கல்லூரி வாயிலில் மாணவர் பெயர்களும் படங்களும் தாங்கிய பெரும் பதாகையொன்று எழுகின்றது. மருத்துவத்துக்கு இத்தனை பேர், பொறியியலுக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டு மகிழ்கின்றோம். மகிழ்தற்குரியதே. ஆயின் அப்பதாகை வெயிலில் வெளிறிக் கழற்றப்பட்டபின், அப்பிள்ளைகள் பல்கலைக் கழகத்தில் எவ்வாறு வாழ்ந்தனர், எவரோடு கூடினர், எதில் ஈடுபட்டனர் என வினவுவோர் நம்மிற் சிலரே. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அவ்வாழ்வைக் கடந்தவர். இன்றைய மாணவருட் பலர் அதனை நோக்கி நடப்பவர். ஆதலின் அதுபற்றிச் சில சொல்லுதல் விழா மலருக்குப் பொருந்தாததன்று என எண்ணுகின்றேன்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பிக்க வந்த ஒருவன் பல்கலைக் கழக வாழ்வு பற்றிப் பேச என்ன தகுதியுடையான் என ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அனுப்புகின்றவன் என்பதே என் தகுதி. அனுப்பப்பட்டவர் விடுமுறையில் ஊர் திரும்பி, நல்லூர்த் திருவிழாக் கூட்டத்திலோ கல்லூரி நூலக வாயிலிலோ கண்டு கூறுவனவற்றைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றேன். பாடம் கடினம் என்று வருந்துவோர் அவருட் சிலர். “அங்கே ஒருவரோடும் ஒட்ட முடியவில்லை, ஐயா” என்பவரே பலர்.

இதற்குரிய காரணத்தை அங்கே தேடுதல் வீண். அது இங்கேயே உளது. ஆறாம் வகுப்பிற் சேரும் சிறுவன் சாரணர் குழுவுக்கு ஓடுகின்றான். பேச்சுப் போட்டியில் ஏறுகின்றான். வாணி விழாவுக்கு மாவிலை கட்டுகின்றான். சாதாரண தரம் முடிந்ததும் இவையனைத்தும் அவனிடமிருந்து பறிக்கப்படுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக் கழக அனுமதி இசட் புள்ளியால் அமைகின்றது. தசமத் தானங்களில் ஓர் எண் குறைந்தாலும் விரும்பிய பீடம் கைநழுவும். ஆகவே பெற்றோர் அஞ்சுகின்றனர். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது விட்டதும் இன்னொரு தனியார் வகுப்பு. தமிழ் மன்றச் செயலாளனாக உயர்தர வகுப்பு மாணவனொருவனைத் தெரிந்தால், அவன் தந்தையார் மறுநாட் காலையில் அதிபரின் அறை வாயிலில் நிற்கின்றார். இவ்வாறு ஈராண்டு, சிலருக்கு மூன்றாண்டும் நான்காண்டும், தன் மேசையையும் வினாத்தாளையுமன்றி வேறெதனையும் அறியாதிருந்த இளைஞனைத் திடீரென ஓராயிரம் அயலார் நடுவில் விட்டுவிட்டு, அவன் ஒட்டவில்லை என்று நாம் வியத்தல் முறையன்று.

பல்கலைக் கழகம் பாடம் படித்துப் பட்டம் பெறுதற்கு மட்டும் அமைந்ததன்று. இலங்கைக்கு ஒரு பல்கலைக் கழகம் வேண்டுமெனச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் சங்கம் அமைத்து உழைத்தார். அது 1942இல் கொழும்பிற் கைகூடி, 1952இல் அதன் பெரும்பகுதி பேராதனைக்குச் சென்றபோது, மாணவர் விடுதிகளில் ஒருங்கு வாழ்ந்து ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்பதே அங்குக் கொள்கையாயிருந்தது. அருணாசலத்தின் பெயர் தாங்கிய விடுதியொன்று இன்றும் அங்குளது.

அவ்விருப்பம் நிறைவேறிய ஒரு காலத்தை நாம் அறிவோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக்கொண்டு நாட்டுக்கூத்தை மேடையேற்றினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை என அவை தொடர்ந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பிலிருந்து அங்குக் கற்கச் சென்றவர். பின்னர் தாமே பேராசிரியரானார். ஊர்க் களரியில் விடியவிடிய ஆடிய கூத்து இரண்டொரு மணிநேர மேடைக் கலையாயிற்று என ஆய்வாளர் அதன் பெருமை பேசுவர். ஆசிரியனாகிய எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, ஒருவர் பேச்சுத்தமிழை மற்றவர் நகைத்திருக்கக்கூடிய பிள்ளைகள், ஒரே தாளக்கட்டுக்குக் கால் வைத்தற்குத் திங்கட்கணக்கிற் பழகியிருப்பர். அதன்பின் அவர்கள் ஒருவருக்கொருவர் அயலாராக இருந்திருக்க முடியாது. அன்றியும், ஆடுவோர் சிலரே. உடை தைப்பிக்கவும் விளக்குப் பிடிக்கவும் அனுமதிச்சீட்டு விற்கவும் ஆளின்றி எந்நாடகமும் மேடையேறாது. ஆடத் தெரியாத புதுமுக மாணவனுக்குரிய இடம் அங்கே உண்டு.

புதிதாகச் செல்லும் பிள்ளைக்கு நான் சொல்வது அதுவே. தலைவனாகவோ செயலாளனாகவோ முயலாதே. எவரும் விரும்பாத சிறு வேலையொன்றைக் கேட்டு வாங்கு. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் போன்ற மலரொன்றுக்கு அச்சுப்படி திருத்தலாம். குறிஞ்சிக் குமரன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக்கட்டலாம். ஒரு மண்டபத்தை ஒழுங்கு செய்ய அலுவலகத்துக்கு ஆங்கிலத்திற் கடிதம் எழுத நேரும். பொருள் வாங்கக் கண்டிக் கடைத்தெருவிற் சிங்களத்திற் பேச நேரும். தமிழில் மட்டுமே கற்று, முதல் விரிவுரையை ஆங்கிலத்திற் கேட்டு மருளும் மாணவனுக்கு இவை எந்த மொழி வகுப்புக்கும் குறைந்தனவல்ல. பிழைவிட்டுப் பேச வேண்டிய தேவை இருந்தாலன்றி நா திருந்தாது. ஒரு சங்கம் போதும். ஐந்து சங்கங்களுக்குப் பெயர் கொடுத்து ஒன்றுக்கும் போகாதவனையும் கண்டிருக்கின்றேன். சங்கமே கதியெனக் கிடந்து, பல பீடங்கள் கேட்கும் 80 வீத வரவு இல்லாது பரீட்சைக்கு அமர முடியாது நின்றவனையும் கண்டிருக்கின்றேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்துக்கு வீட்டிலிருந்து சென்றுவரும் மாணவனின் இடர் வேறு. விரிவுரை முடிந்ததும் திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பி அம்மா சமைத்ததை உண்பவனுக்குப் பல்கலைக் கழகம் இன்னொரு தனியார் வகுப்பாகவே முடிந்துவிடக்கூடும். மலையகத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து அறை எடுத்திருக்கும் சக மாணவனை ஒருநாள் தன் வீட்டுக்கு உணவுக்கு அழைப்பின், அதுவும் ஒரு தொடக்கமே.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. பகிடிவதை சகோதரத்துவத்தை வளர்க்கின்றது என்பார் உளர். படித்தவரே அவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேன். ஒருங்கு அவமதிக்கப்பட்டவர்க்கிடையே உண்டாவது அச்சத்தின் கூட்டு. அடுத்த ஆண்டு அது தனக்கு இளையவரைத் தேடிச் செல்கின்றது. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துப் புதுமுகத் தமிழ் மாணவரொருவர் பகிடிவதையினால் உயிரிழந்தார். மறுஆண்டு இயற்றப்பட்ட 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு ஈராண்டு வரை கடுங்காவலும், அதனாற் கொடுங்காயமோ பாலியற் றுன்புறுத்தலோ நேரிற் பத்தாண்டு வரையும் விதித்தது. சட்டம் வந்தும் கொடுமை ஒழியவில்லை. “எங்கள் கல்லூரித் தம்பி, இவனை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று அணைத்துச் சென்று, பிறர் செய்வதையே சற்று மென்மையாகச் செய்யும் பழைய மாணவரும் உளர் என அறிகின்றேன். அன்புடன் செய்யினும் வதை வதையே. நம் கல்லூரியார் அறுவர் ஓரறையில் வாழ்ந்து, ஒரு மேசையில் உண்டு, நான்காண்டும் பிறர் முகம் பாராது மீள்வதும் எனக்கு உவப்பானதன்று. அது கல்லூரிப் பற்று எனப் போற்றப்படுகின்றது.

ஆகவே கல்லூரி நிருவாகத்தாரிடமும் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் இரண்டு கேட்கின்றேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒவ்வொருவனும் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்வரையேனும் ஒரு மன்றத்தில் ஒரு பொறுப்பேற்றிருத்தல் வேண்டும். வாரத்துக்கு ஒரு மணிநேரம் போதும். அதனால் இசட் புள்ளி குறைந்ததாக எவரும் எனக்குக் காட்டியதில்லை. மற்றையது, ஒவ்வொரு பல்கலைக் கழகத்திலும் அதன் அயல் நகரிலும் உள்ள நம் பழைய மாணவரின் பட்டியலொன்று கல்லூரி அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். புதுமுக மாணவன் சென்ற முதல் வாரத்திலேயே அவருள் ஒருவர் அவனை விடுதியிற் சென்று கண்டு, உணவு எங்கே, மருந்து எங்கே, முறைப்பாடு யாரிடம் என மூன்று செய்திகளைச் சொல்லி, ஒரு சங்கத்தின் வாயில்வரை உடன் நடந்து விட்டுவந்தாற் போதும். இவ்வாண்டுப் பெறுபேறு வெளிவருமுன் அப்பட்டியலைத் தொகுத்துவிடலாம். எழுதும் வேலையைத் தமிழ் மன்ற மாணவர் செய்வர்.